கொலை, காதல், கொஞ்சம் சரித்திரம்

தெஹிவளையில் எங்கள் வீட்டுக்கு வாரம் ஒரு முறை வந்துபோகும் என் மருமகள், சென்ற நோன்பு மாதத்தில் என் அலுமாரியின் முன்னால் நெடுநேரம் நின்றாள். நின்றுவிட்டுக் கேட்டாள்: “மாமா, ஒரு நல்ல கதப் புத்தகம் சொல்லுங்களேன். காதலும் இருக்கோணும், மர்மமும் இருக்கோணும், பழைய காலத்துக் கதையா இருக்கோணும். அழுற கதை மட்டும் வாணாம்.”

இருபது வருடங்களுக்கு முன்னர் இதே கேள்வியை என்னிடம் வேறொரு வாசகி கேட்டார். அப்பொழுது நான் முற்போக்கு விமர்சனத்தைப் புதிதாகப் படித்து முடித்திருந்த கர்வத்தில் இருந்தேன். “சரித்திர நாவல்கள் எல்லாம் ராஜா ராணிக் குப்பை, மர்ம நாவல்கள் பஸ்ஸில் வாசித்துவிட்டு எறிய வேண்டியவை” என்று சொல்லி, கனமான நாவல் ஒன்றை அவரது கையில் கொடுத்தனுப்பினேன். அவர் அதனை நாற்பது பக்கம்கூடத் தாண்டவில்லை. அதன் பிறகு அவர் என்னிடம் புத்தகமே கேட்கவுமில்லை. ஒரு வாசகியை நான் இழக்கச் செய்தேன் என்பது இன்றுவரை உறுத்துகிறது. எனவே இம்முறை மருமகளுக்குச் சற்றுப் பொறுப்போடு பதில் சொல்ல விரும்பினேன். அவளுக்குச் சொன்னவற்றையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகின்றேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். இவ்வகை நாவல்கள் நமக்கு அந்நியமானவை, தமிழகத்து வாரப் பத்திரிகைகள் இறக்குமதி செய்து தந்தவை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இது முழு உண்மையல்ல. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணியும் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை 1882இல் ஆரம்பித்தவருமான அறிஞர் சித்திலெப்பை, 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறி ஆறு வருடங்களே ஆகியிருந்த காலம் அது. தமிழில் முதல் துப்பறியும் நாவல் என்று சொல்லப்படும் பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894இல் வருகிறது. மறுவருடம், 1895இல், திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ சென்னையில் வெளியாகிறது. தமிழின் முதலாவது சரித்திர நாவல் என்று அதனையே பலரும் குறிப்பிடுகின்றனர். ஆக, பத்து வருடத்துக்குள் சாகசம், துப்பு, சரித்திரக் காதல் என்ற மூன்றும் தமிழுக்கு வந்து சேர்ந்துவிட்டன. அவற்றில் இரண்டைக் கொண்டுவந்தவர்கள் நம் நாட்டவர்கள். ஒருவர் கண்டி முஸ்லிம், மற்றவர் திருகோணமலைத் தமிழர்.

நமது கூட்டங்களில் ‘அசன்பே’யைப் பற்றிப் பேசுவோர் அது எத்தனையாவது நாவல் என்ற வழக்கைத்தான் எப்பொழுதும் நடத்துகின்றனர். ஈழத்தின் முதலாவது நாவலா, தமிழின் இரண்டாவது நாவலா என்று ஆண்டுக் கணக்குப் பார்ப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. அதைக் கதையாக எடுத்து வாசிப்பவர்கள் மிகக் குறைவு. வாசித்தால் தெரியும், அது ஒரு முழுமையான மர்மக் கதை. எகிப்தின் உயர்குடியில் பிறந்த குழந்தை களவாடப்படுகிறது. அது இந்தியாவில் வளர்கிறது. தான் யார் என்று தெரியாத ஒருவன், தான் யார் என்பதைத் தேடிப் போகிறான். ‘கொன்றது யார்’ என்பது ஒருவகை மர்மம் என்றால், ‘நான் யார்’ என்பது அதனிலும் பழைய மர்மம். யூசுப் நபியின் சரித்திரத்தைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை ஓட்டம் புதியதல்ல. சித்திலெப்பையின் வாசகர்களுக்கும் அது புதிதாக இருந்திருக்காது. அதனால்தான் அவர் அதனைத் தேர்ந்தார் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். எகிப்தில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்து தோற்ற அஹ்மத் ஒராபி பாஷா, 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டு வந்திறங்கினார். சித்திலெப்பை அவரோடு நெருங்கிப் பழகியவர். பின்னர் 1892இல் மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவான கதையில் இருவரது பெயர்களும் சேர்ந்தே வருகின்றன. தன் நாட்டிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட எகிப்தியப் பிரபு ஒருவரைக் கண்முன் கண்டவர், அடுத்த இரண்டு வருடங்களில் தன் மண்ணிலிருந்து களவாடப்பட்ட எகிப்தியப் பிள்ளை ஒருவனின் கதையை எழுதுகிறார். இதை நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை. வாசகனின் ஊகமாகவே சொல்கிறேன். அரபு மொழியில் சரித்திரக் காதல் நாவலைப் பிரபலமாக்கிய ஜுர்ஜி ஸைதானின் முதல் நாவலே 1891இல்தான் காஹிராவில் வெளிவந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நம் கண்டிக்காரர் அவருக்கும் முந்திக்கொண்டார்.

‘அசன்பே’யில் குறைகள் இல்லாமல் இல்லை. தற்செயல்கள் மலிந்து கிடக்கின்றன. நல்லவர்கள் மிக நல்லவர்களாகவும் கெட்டவர்கள் மிகக் கெட்டவர்களாகவும் இருக்கின்றனர். உபதேசம் கதையை வழிமறிக்கிறது. அதன் நடையும் இன்றைய பிள்ளைகளுக்குச் சற்றுக் கரடுமுரடு. இருந்தும், கப்பலும் கடலும் நகரமும் மாறி மாறி வருகின்ற அந்த வேகம் பிற்காலத்து எத்தனையோ ‘தரமான’ நாவல்களில் இல்லை. மருமகளுக்கு நான் கொடுத்த முதற் புத்தகம் இதுதான். “தொடக்கம் கஷ்டம், அப்பறம் ஓடுது” என்று திருப்பித் தந்தாள். எந்த விமர்சகரும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

‘மோகனாங்கி’யை அவளுக்குச் சிபாரிசு செய்யத் தயங்கினேன். திருச்சி சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை நாயக்கர் மகளுக்குமிடையிலான காதலே கதை. காதலி வெறும் அழகுப் பதுமையாக இல்லாமல் படித்தவளாக, தன் விருப்பத்தைத் தானே நிர்ணயிக்க முனைபவளாக வருகிறாள். பெண் விடுதலையை வலியுறுத்தித் ‘தத்தைவிடு தூது’ பாடியவரிடமிருந்து வேறெதை எதிர்பார்க்க முடியும்? ஆயினும் கதை இடையிடையே நின்று சரித்திரப் பாடம் நடத்துகிறது. ஆய்வு மாணவருக்கு அது விருந்து. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குச் சோதனை.

அடுத்து, தவிர்க்கவே முடியாத கல்கி. 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் திரைப்படங்கள் வந்த பிறகு, ‘பொன்னியின் செல்வன்’ இல்லாத புத்தகக் கடை வெள்ளவத்தையில் இல்லை. 1950இலிருந்து 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த அந்த ஐந்து பாகங்களையும் நான் மூன்று முறை வாசித்திருக்கிறேன். முதல் முறை கதைக்காக, இரண்டாம் முறை குறை கண்டுபிடிப்பதற்காக, மூன்றாம் முறை கொலைக்காக.

ஆம், கொலைக்காக. அது காதல் கதை, அரச கதை என்றெல்லாம் சொல்கிறார்கள். அதன் நடுவில் இருப்பதோ தீர்க்கப்படாத ஒரு கொலை வழக்கு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் உண்மையாகவே கொல்லப்பட்டவன். அவனைக் கொன்றவர்களின், அவர்களது உறவினரின் சொத்துக்களைப் பறிமுதல் செய்து இராஜராஜன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கோயிலில் உள்ளது. ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று பெயர்களும் இருக்கின்றன. ஆனால் ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பது அதில் இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். கல்கி என்ன செய்தார்? கொலை நடக்கும் அறைக்குள் நந்தினியையும் வந்தியத்தேவனையும் பெரிய பழுவேட்டரையரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டார். யாருடைய கை என்பதை வாசகர் இன்றுவரை விவாதிக்கின்றனர்.

இதனைச் சிலர் தப்பித்தல் என்பர். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். இப்பொழுது அது அவரது நேர்மை என்று தோன்றுகிறது. வரலாறு வாய் திறக்காத இடத்தில் தானும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்கிறார். கல்லில் பெயர் இருந்தவர்களைச் சதிகாரர்களாக வைத்தார். கல் சொல்லாததை இருட்டிலேயே விட்டார். அத்தனை இலட்சம் வாசகர்கள் வாரா வாரம் ‘கொலைகாரன் யார்’ என்று கேட்டுக்கொண்டிருக்கையில் இப்படி எழுத மனத்துணிவு வேண்டும்.

ஈழத்து வாசகருக்கு இன்னொரு இன்பமும் உண்டு. இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ பெருமளவும் நம் மண்ணில் நடக்கிறது. அநுராதபுரமும் தம்புள்ளையும் அதில் வருகின்றன. கல்கி இங்கு வந்து இடங்களைப் பார்த்துச் சென்று எழுதியவர் என்பது அந்த அத்தியாயங்களில் தெரிகிறது. ஊமை ராணியின் சோகம் ஐந்து பாகங்களிலும் என்னை மிகப் பாதித்தது. குந்தவையும் வந்தியத்தேவனும் பேசும் காதல் வசனங்களைவிட, பேசவே முடியாத அந்தப் பெண்ணின் காதலில் கனம் அதிகம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அதே பாகத்தில், குதிரை வணிகத்துக்கு வந்த அராபியர் கப்பல் ஒன்று வருகிறது. அதிலிருப்போர் முரடர்கள், கொடியவர்கள். வந்தியத்தேவனைக் கட்டிப்போடுகிறார்கள், பிறகு இருட்டில் கொல்லப்பட்டு மறைகிறார்கள். ஒருவருக்காவது முகமோ மனமோ கிடையாது. சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் அமீர் என்றொரு அராபியன் வருகிறான். இவன் நல்லவன், விசுவாசி, கருணாகரத் தொண்டைமானுக்காக உயிரையும் கொடுப்பான். இருந்தாலும் அவனும் ஒரு பெருத்த உடல்தான். தமிழ்ச் சரித்திர நாவலில் முஸ்லிமுக்கு ஒன்றில் வாள் இருக்கும், அல்லது குதிரை இருக்கும். கவலை மட்டும் இருக்காது. சாண்டில்யனைப் பற்றி இவ்வளவு போதும். கடற்போர் வர்ணனையில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெண் வர்ணனை வரும் பக்கங்களை மருமகள் தாண்டிப் போவாள் என்று நம்புகிறேன், நானும் தாண்டித்தான் போனேன், பெரும்பாலும்.

சுஜாதாவின் ‘ரத்தம் ஒரே நிறம்’ இந்த வகையில் தனித்து நிற்கிறது. 1857 கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்ட பழிவாங்கல் கதை. ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்ற பெயரில் குமுதத்தில் தொடங்கியபோது எதிர்ப்பு எழுந்து நிறுத்தப்பட்டு, பின்னர் புதுப் பெயரில் திரும்ப எழுதப்பட்டது. சாண்டில்யனின் பல பக்க வாக்கியம் சுஜாதாவிடம் அரை வரி. கதை நெடுக வெள்ளைக்காரனும் ஒரே வார்ப்பில் வார்க்கப்பட்டவன் அல்ல. பின்பகுதி அவசரமாக ஓடுகிறது என்ற குறை எனக்குண்டு. ஒரு நீண்ட புகையிரதப் பயணத்துக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

நம் பெண் எழுத்தாளர் ஒருவரை இங்கே மறந்துவிடலாகாது. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். பள்ளிக்கூடப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவர். அதற்கு உ. வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். அரசு, கடமை, காதல் என்ற பழைய முக்கோணம்தான் கதை. முஸ்லிம் பெண் ஒருவர் கதை எழுதி அச்சிடுவதே துணிச்சலாக இருந்த காலத்தில், அவர் அழுகைக் குடும்பக் கதையை எழுதாமல் அரண்மனைச் சாகசத்தைத் தேர்ந்தெடுத்தார். என் மருமகளும் அழுகைக் கதை வேண்டாம் என்றுதானே சொன்னாள்!

இனி, என் அலுமாரியின் மேல்தட்டுக்கு வருகிறேன். இத்தனை பேரையும் சொன்னது அங்கே இருக்கும் ஒரு புத்தகத்துக்காகத்தான் என்றாலும் பிழையில்லை. ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’. துருக்கி மொழியில் 1998இல் வெளிவந்தது. ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் காலச்சுவடு 2009இல் தமிழில் கொண்டுவந்தது. காதலும் மர்மமும் பழைய காலமும் ஒன்றாக வேண்டும் என்று கேட்ட பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான நாவல் உலகத்திலேயே இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்.

1591ஆம் ஆண்டின் இஸ்தான்புல். ஹிஜ்ரி ஆயிரமாவது வருடத்தை ஒட்டி சுல்தான் மூன்றாம் முராத் இரகசியமாக ஓர் ஓவிய நூலைத் தயாரிக்கச் சொல்கிறார். அதில் வேலை செய்த ஓவியர் ஒருவர் கொல்லப்படுகிறார். நாவலின் முதல் குரல் அவருடையது, கிணற்றின் அடியில் கிடக்கும் மையித்தின் குரல். பிறகு ஒரு நாய் பேசுகிறது, ஒரு மரம் பேசுகிறது, ஒரு காசு பேசுகிறது, சிவப்பு நிறம் பேசுகிறது. கொலைகாரனும் பேசுகிறான். யாரென்று மட்டும் சொல்ல மாட்டான். பன்னிரண்டு வருடம் ஊரை விட்டுப் போயிருந்த ‘கறுப்பு’ என்பவன் தன் பழைய காதலி ஷெகூரேயைத் தேடித் திரும்பி வருகிறான். கணவன் போருக்குப் போய்த் திரும்பாமல், விதவையுமில்லாமல் மனைவியுமில்லாமல், இரண்டு பிள்ளைகளோடு தகப்பன் வீட்டில் இருப்பவள் அவள். தகப்பனும் கொல்லப்படுகிறார். அவசரமாக நிக்காஹ் நடக்கிறது. ஆனால் ஷெகூரே ஒரு நிபந்தனை வைக்கிறாள். என் வாப்பாவைக் கொன்றவனைக் கண்டுபிடிக்கும்வரை என் படுக்கைக்கு வராதே.

காதலையும் துப்பையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டார் பாமுக். சாதாரணக் கதைகளில் மர்மம் ஒரு பக்கம் ஓடும், காதல் இன்னொரு பக்கம் ஓடும், கடைசி அத்தியாயத்தில் இரண்டும் கைகுலுக்கும். இங்கோ ஒன்று அவிழாமல் மற்றது அவிழாது. கொலைக்கான காரணமும் பணமோ பெண்ணோ அல்ல. மனிதனைக் கண்ணால் கண்டபடி வரையலாமா, அப்படி வரைவது படைத்தவனோடு போட்டியிடுவதாகுமா, வெனிஸ்காரர்களைப் போல நமக்கென்று ஒரு தனிப் பாணி இருக்கலாமா என்ற கேள்விக்காக ஒரு மனிதன் கொலை செய்கிறான். உருவப்படம் பற்றிய வாதத்தை நாமெல்லாம் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். வேறெந்த வாசகருக்கும் இது சுவையான பின்னணி. நமக்கு வீட்டுக்குள் நடக்கும் சண்டை. தமிழில் முஸ்லிம் பாத்திரத்துக்குக் கவலை கிடையாது என்றேனே, இந்நாவலில் எல்லோருக்கும் கவலைதான், கொலைகாரனுக்கு எல்லாரிலும் அதிகம்.

எச்சரிக்கையும் தர வேண்டும். ஓவியர்கள் பற்றிய கிளைக்கதைகள் சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கும். ஒளிவுமறைவற்ற பகுதிகளும் உண்டு. பிள்ளைகளுக்குரிய நூலல்ல. மருமகளின் உம்மாவிடம், அதாவது என் தாத்தாவிடம், நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் முதலில் தானே எடுத்து வாசிக்க ஆரம்பித்து, இன்னும் திருப்பித் தரவில்லை.

ஆங்கிலம் வாசிக்கக் கூடியவர்களுக்கு இரண்டு பெயர்கள் சொல்லி வைக்கிறேன். அமீன் மாலூஃபின் ‘சமர்கண்ட்’, உமர் கையாமின் கையெழுத்துப் பிரதியொன்று நூற்றாண்டுகளைக் கடந்து டைட்டானிக் கப்பலில் ஏறும் கதை. எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற ஆங்கிலப் பெண் எழுதிய இருபது கட்ஃபேல் நாவல்களில், பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் துப்பறிகிறார். அவர் முன்னாள் சிலுவைப் போர்வீரர். அந்தியோக்கியாவில் மர்யம் என்ற முஸ்லிம் பெண்ணைக் காதலித்தவர். அவர்களுக்குப் பிறந்த மகன், தகப்பன் யாரென்று அறியாமலே, ஒரு நாவலில் அவர் முன் வந்து நிற்கிறான். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டு தேடி எடுத்தவை இவை. உம்பர்ட்டோ எக்கோவின் ‘ரோஜாவின் பெய’ரையும் அங்கேதான் கண்டெடுத்தேன். அதை முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது, ஆகவே யாருக்கும் நெஞ்சறியச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பட்டியல் முடிந்தது என்று நினைத்து எழுந்தபோது மருமகள் விடவில்லை. “இலங்கையில நடக்கிற, எங்கட ஆக்கள் வாற கதை இல்லையா மாமா?” என்றாள்.

செங்கை ஆழியானின் ‘நந்திக்கடல்’, ‘கடற்கோட்டை’ இரண்டையும் எடுத்துக் காட்டினேன். வடபுலத்துச் சரித்திரத்தைக் கதையாக்கிய முயற்சிகள் அவை. விறுவிறுப்பாக ஓடும். “இதுல எங்கட ஆக்கள்?” என்று மறுபடியும் கேட்டாள். அலுமாரியில் அதற்குப் பதில் இருக்கவில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ இருக்கிறது. அது திருவிதாங்கூர் மன்னர் காலம்வரை பின்னால் போகிறது. ஆனால் அது தென்பத்தன் கதை, பேருவளைக் கதையல்ல.

கதைக்குப் பஞ்சமா? 1344இல் இப்னு பதூதா புத்தளத்துக்கு வந்து, பாரசீகம் தெரிந்த ஆரியச் சக்கரவர்த்தியோடு பேசுகிறார். கொழும்பில் ஐந்நூறு ஹபஷிகளோடு இருந்த ஜாலஸ்தி என்ற கடலதிபனைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். யார் அந்த ஜாலஸ்தி? காலித் இப்னு அபூ பகாயாவின் கூஃபி எழுத்து மீஸான் கல் கொழும்பு மையவாடியில் கிடந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அதிகாரி ஒருவரின் வீட்டு வாசற்படியாகவும் ஆனது. அந்த மனிதர் கொழும்புக்கு வந்தது கல்கியின் சோழர்கள் வாழ்ந்த அதே பத்தாம் நூற்றாண்டில். சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளில் 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட காலிக் கல்வெட்டு 1911இல் கண்டெடுக்கப்பட்டு, இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. அதைக் கொண்டுவந்த கடற்படைத் தலைவர் செங் ஹோ ஒரு முஸ்லிம். 1526இல் போர்த்துக்கேயரின் நெருக்குதலால் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் இரவோடிரவாக எங்கே போயின? அவர்களில் ஒரு பெண் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவிட்டுப் போனாள்? 1626இல் செனரத் மன்னன் மட்டக்களப்பில் குடியேற்றியபோது யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் பிரிந்தார்கள்?

இவற்றுக்கு ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன. நானும் இரண்டொன்று எழுதியிருக்கிறேன், அவற்றை யாரும் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கியதில்லை. கண்டியின் ஒரு சட்டத்தரணி காஹிராவையும் இந்தியாவையும் தன் கதைக்குள் இழுத்துவந்து போட்ட பிறகு ஒன்றரை நூற்றாண்டு ஓடப்போகிறது.

மருமகள் அன்றைக்குச் ‘சுழற்காற்’றை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது அந்த மீஸான் கல்லின் பெயரைத் தன் கொப்பியில் எழுதித் தரும்படி கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். எதற்கென்று நான் கேட்கவில்லை.